‘எரர்’ வந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

மாணவர்களே, வீட்டில் மூலையில் கிடந்த பழைய மடிக்கணினியில் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறீர்களா? அப்படியானால் சீக்கிரமே ஒரு நாள் சி மொழியில் உங்கள் முதல் நிரலை எழுதிப் பார்ப்பீர்கள். எழுதி, தொகுக்கச் சொல்லி, எண்டர் விசையைத் தட்டியதும் திரை முழுக்க ஆங்கிலத்தில் ஏதேதோ வந்து விழும். சிலர் அந்தச் சன்னலையே மூடிவிடுவார்கள். சிலர் எங்கேயோ கிடைத்த கட்டளையை, என்னவென்று தெரியாமலே ஒட்டிப் பார்ப்பார்கள். நான் செய்தது அதைவிட மோசம்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைக் கேட்டுப் பெற்று, மூன்றாவது பக்கமான கர்ணத்தைச் சொல்லும் ஒரு சின்ன நிரல். பைதகரஸ் தேற்றம்தான், வேறொன்றுமில்லை. தொகுத்தபோது மூன்று வரிகள் வந்தன. நடு வரியின் முடிவில் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி’ என்று இருந்தது. எஸ்கியூஆர்டி என்பது சி மொழியில் வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் செயற்கூறின் பெயர். பக்கத்து அறை நண்பனின் கணினியில் அதே எஸ்கியூஆர்டி ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே என் கணினியில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். நள்ளிரவில் இயங்குதளத்தையே மறுபடி நிறுவினேன். தூக்கக் கலக்கத்தில் ‘வட்டு முழுவதையும் அழி’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அந்த வட்டில் தாத்தா தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் படங்கள் இருந்தன. அம்மா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சேர்த்து வைத்தவை. அசல் படங்கள் அதற்கு முன்பே வெள்ளத்தில் போய்விட்டன. காலையில் நிறுவி முடித்து, நிரலை மறுபடி தட்டச்சு செய்து தொகுத்தேன். அதே வரி வந்தது. விஷயத்தைச் சொன்னபோது அம்மா திட்டவில்லை. “சரி, அந்தக் கணக்காவது இப்போ வருதா?” என்று கேட்டார். வரவில்லை.

அதைச் சரிசெய்யத் தேவைப்பட்டவை நான்கே நான்கு விசைகள். அவை எவை, அவற்றை அந்தப் பிழைச் செய்தியே எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். ‘ஜிசிசி’ என்றால் ஜி, சி, சி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டுங்கள். நிரலைக் ‘கர்ணம்.சி’ என்ற கோப்பில் சேமித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இதன் பெயரையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதுங்கள். தொகுக்கும் கட்டளை இது:

ஜிசிசி கர்ணம்.சி -ஓ கர்ணம்

‘கர்ணம்.சி கோப்பைத் தொகுத்து, விளைவைக் கர்ணம் என்ற பெயரில் வை’ என்பது இதன் பொருள்.

யார் பேசுகிறார்கள்?

ஜிசிசி என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட தொகுப்பி. கம்பைலர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நாம் ஒரே நிரலாக நினைக்கிறோம். உண்மையில் அது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மேற்பார்வையாளர். முதலில் முன்செயலி உங்கள் கோப்பில் ‘இன்க்ளூட்’ என்று நீங்கள் கேட்ட தலைப்புக் கோப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு உண்மையான தொகுப்பி சி மொழியின் இலக்கணத்தைச் சரிபார்த்து, அதை அசெம்பிளி மொழிக்கு மாற்றும். அடுத்து ஒரு சிறு நிரல் அதை இயந்திர மொழியாக்கும். இந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தொல்லை வருவது அபூர்வம், ஆகவே இதை விட்டுவிடலாம். கடைசியாக ‘எல்டி’ என்ற இணைப்பி, நீங்கள் எழுதாமல் பெயர் மட்டும் சொல்லிக் கேட்ட பகுதிகளை நூலகங்களிலிருந்து எடுத்து இணைத்து, ஓடக்கூடிய ஒரு கோப்பாக்கும்.

இவர்களில் யாருக்குப் பிரச்சினை வந்தாலும் அவர் தம் பெயரையோ இடத்தையோ வரியின் தொடக்கத்தில் போட்டுத்தான் பேசுவார். வரி ‘பாஷ்’ என்று தொடங்கினால் பேசுவது முனையத்தில் உங்கள் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஷெல். தொகுப்பி இன்னும் தொடங்கவேயில்லை. ‘கர்ணம்.சி:7:20’ என்று கோப்பின் பெயரும் இரண்டு எண்களும் வந்தால் பேசுவது முன்செயலி அல்லது தொகுப்பி. ‘எல்டி’ என்று வந்தால் இணைப்பி. நான் அன்று பார்த்த முதல் வரி ‘எல்டி’ என்றுதான் தொடங்கியது. அதை நான் படிக்கவே இல்லை. கண் போனது கடைசி வரிக்கு. ‘கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று பயமுறுத்தும் அந்த வரிக்கு ‘இணைப்பி தன் வேலையை முடிக்கவில்லை’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஏன் முடிக்கவில்லை என்பதை அதற்கு மேலேயுள்ள வரிகள்தான் சொல்லும்.

ஆகவே மேலே போங்கள். பிழைகள் முப்பது வந்திருந்தாலும் முதல் பிழையைப் படியுங்கள். அதைத் திருத்துங்கள், மறுபடி தொகுங்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அதற்குப் பின்னாலுள்ள நல்ல வரிகளும் தொகுப்பிக்குத் தவறாகவே தெரியும். முதலாவதைச் சரிசெய்ததும் பாதிக்கு மேல் தாமாகவே காணாமல் போவதைப் பார்ப்பீர்கள்.

ஷெல் சொல்லும் குறைகள்

புதிதாக நிறுவிய கணினியில் பெரும்பாலும் முதலில் வருவது ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. ஜிசிசி உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன் வகைகளில் ‘சுடோ ஏபிடி அப்டேட்’ என்று கொடுத்து, அது முடிந்ததும் ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ என்று கொடுங்கள். தொகுப்பி, தலைப்புக் கோப்புகள், ‘மேக்’ எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ‘சுடோ’ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஒரு கட்டளையை ஓட்டுவது. மென்பொருள் நிறுவ அது வேண்டும். உங்கள் சொந்தக் கோப்பைத் தொகுக்க அது ஒருபோதும் வேண்டாம். தொகுப்பதற்கே சுடோ போடச் சொல்லி யாராவது சொன்னால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்து, அதில் கர்ணம்.சி-யின் பெயரே இருந்தால், கோப்பு அந்தக் கோப்புறையில் இல்லை. ‘பிடபிள்யூடி’ என்று தட்டினால் நீங்கள் எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று தெரியும். ‘எல்எஸ்’ என்று தட்டினால் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று தெரியும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு என்பதை நினைவில் வையுங்கள். கோப்பின் பெயர் முடிவிலுள்ள ‘சி’ பெரிய எழுத்தாக இருந்தால், ஜிசிசி அதை சி மொழி என்றே எடுத்துக்கொள்ளாது. சி++ என்று நினைத்துக்கொள்ளும்.

தொகுப்பி சொல்லும் குறைகள்

‘கர்ணம்.சி:7:20’ என்பதில் 7 என்பது வரி எண். 20 என்பது அந்த வரியில் எத்தனையாவது இடம் என்பது. தொகுப்பி முகவரியோடு பேசுகிறது. ஆனால் அந்த முகவரி, அதற்குக் குழப்பம் வந்த இடத்தின் முகவரி. நீங்கள் தவறு செய்த இடம் அதற்குச் சற்று முன்னால் இருக்கலாம்.

அரைப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் வரியின் முடிவில் அதை விட்டுவிட்டீர்கள். சி மொழிக்கு வரி முடிவு ஒரு பொருட்டே அல்ல. ஒரே கட்டளையை மூன்று வரிகளில் எழுதினாலும் அதற்குச் சம்மதம். ஆகவே அது 8-ஆம் வரிக்குப் போய், அங்கே பொருந்தாத ஒரு சொல்லைக் கண்ட பிறகுதான் ‘இங்கே ஓர் அரைப்புள்ளியை எதிர்பார்த்தேன்’ என்று சொல்ல முடியும். பழைய ஜிசிசி பதிப்புகள் 8-ஆம் வரியையே காட்டும். 8-ஆம் வரியை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்து, ‘இதில் தப்பே இல்லையே’ என்று சண்டை போட்டவர்கள் ஏராளம். புதிய பதிப்புகள் 7-ஆம் வரியின் முடிவையே சுட்டிக்காட்டுகின்றன.

வாட்ஸ்அப்பிலோ பிடிஎஃப் குறிப்பிலோ வந்த நிரலை அப்படியே நகலெடுத்தால் இன்னொரு விசித்திரம் நடக்கும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். தொகுப்பியோ ‘ஸ்ட்ரே \342’ என்று புலம்பும். புதிய பதிப்புகள் அந்த எழுத்தையே காட்டும். காரணம், சில மென்பொருள்கள் நேரான மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடுகின்றன. சி மொழிக்கு நேர்க்குறிதான் தெரியும். அந்த 342 எட்டடிமான எண். 3×64, 4×8, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 226. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் வளைந்த மேற்கோள் குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றில் முதல் பைட்டின் மதிப்பு 226. மேற்கோள் குறிகளை அழித்து உங்கள் கையால் மறுபடி தட்டுங்கள், போய்விடும்.

இணைப்பி சொன்னதும் நான் கேட்காததும்

இப்போது எஸ்கியூஆர்டிக்கு வருவோம். மாமாக் கடையில் உட்கார்ந்து மெனு அட்டையைப் பார்க்கிறீர்கள். ரொட்டி சானாய் என்ற பெயர் இருக்கிறது, விலையும் இருக்கிறது. அட்டையில் ரொட்டி இல்லை. ரொட்டி உள்ளே கல்லில் வேகிறது. (எங்கள் ஊர்க் கடையில் மெனு அட்டையே கிடையாது, அது வேறு கதை.) தலைப்புக் கோப்பு என்பது மெனு அட்டை. ‘மேத்.எச்’ என்ற தலைப்புக் கோப்பு சொல்வது இவ்வளவுதான்: எஸ்கியூஆர்டி என்று ஒன்று உண்டு, அதற்கு ஒரு தசம எண் கொடுக்க வேண்டும், அது ஒரு தசம எண்ணைத் திருப்பித் தரும். வர்க்கமூலம் காணும் வேலை அதற்குள் இல்லை. அது ‘லிப்எம்’ என்ற கணித நூலகத்தில் தனியாக இருக்கிறது.

தொகுப்பி அட்டையைப் பார்த்து ஆர்டர் சரியா என்று மட்டும் சோதிக்கிறது. நான் மேத்.எச்-ஐச் சேர்த்திருந்ததால் என் நிரல் அந்தச் சோதனையில் தேறிவிட்டது. இணைப்பிதான் சமையலறைக்குப் போக வேண்டியவர். அவர் நீங்கள் சொல்லும் சமையலறைகளுக்கு மட்டுமே போவார். சி மொழியின் பொது நூலகத்துக்குச் சொல்லாமலே போவார். லினக்ஸில் கணித நூலகத்துக்குப் போக நீங்கள் சொல்ல வேண்டும். ‘எஸ்கியூஆர்டி என்று பெயர் கேட்கிறார்கள், நீங்கள் காட்டிய இடங்களில் அப்படி ஒன்று இல்லை’ என்பதுதான் அந்த நடு வரியின் பொருள். நூலகம் கணினியில் இல்லை என்று அது சொல்லவே இல்லை.

சரியான கட்டளை:

ஜிசிசி கர்ணம்.சி -ஓ கர்ணம் -எல்எம்

ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, எல், எம். அந்த நான்கு விசைகள் இவைதாம். எல் என்பது எழுத்து, ஒன்று என்ற எண் அல்ல. ‘எல்’ என்றால் நூலகம், அதன் பின் வருவது ‘லிப்’ என்ற முன்னொட்டு நீங்கிய பெயர். ஆகவே -எல்எம் என்றால் லிப்எம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற நூலகங்களும் புரியும். ‘கேனாட் ஃபைண்ட் -எல்என்கர்சஸ்’ என்று வந்தால் இணைப்பி லிப்என்கர்சஸ் என்ற கோப்பைத் தேடிக் காணவில்லை. இந்த முறை அது உண்மையிலேயே நிறுவப்படவில்லை. உபுண்டுவில் ‘லிப்என்கர்சஸ்-டெவ்’ என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். ‘டெவ்’ என்று முடியும் தொகுப்புகளில்தான் தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் இருக்கும்.

-எல்எம் கட்டளையின் கடைசியில் வரட்டும். உபுண்டுவில் அதைக் கர்ணம்.சி-க்கு முன்னால் போட்டால் மறுபடி அதே பிழை வரும். இணைப்பி இடமிருந்து வலமாகப் போகிறார். இன்னும் யாரும் எதுவும் கேட்காத நிலையில் கணித நூலகத்தைக் காட்டினால், ‘இங்கே எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை’ என்று கடந்து போய்விடுவார்.

அப்படியானால் நண்பனின் கணினியில் மட்டும் எப்படி ஓடியது? இதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அவன் சோதித்துப் பார்க்க அடைப்புக்குள் 25.0 என்று நேராக எழுதியிருந்தான். விடை எப்போதும் 5 என்பது தொகுக்கும்போதே தெரிகிறது. ஜிசிசி தானே கணக்குப் போட்டு 5-ஐ எழுதிவிட்டது. எஸ்கியூஆர்டியைக் கூப்பிடவே இல்லை, ஆகவே சமையலறைக்குப் போகும் தேவையும் இல்லை. என் நிரலோ பக்கங்களின் நீளத்தைப் பயனரிடம் கேட்டது. அது முன்கூட்டித் தெரியாது. அவன் கணினியும் என் கணினியும் ஒன்றேதான். வேறுபட்டது நிரல். மேக் கணினியில் எழுதும் உறவினர் யாராவது ‘எனக்கு -எல்எம் இல்லாமலே வருகிறதே’ என்று சொன்னால் அதிலும் வியப்பில்லை. அங்கே கணிதம் பொது நூலகத்தோடு சேர்ந்தே இருக்கிறது.

ஒன்றும் வராவிட்டால்

எல்லாம் சரியாக நடந்தால் ஜிசிசி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். புதியவர்கள் இதையும் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவானபோது பலர் திரையே இல்லாத டெலிடைப் இயந்திரங்களில் வேலை செய்தார்கள். அது தாளில் விநாடிக்குப் பத்து எழுத்துகளை அடிக்கும். ‘வாழ்த்துகள், வெற்றி’ என்று ஒவ்வொரு முறையும் அடித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். வேலை நடந்தால் பேசாதே, நடக்காவிட்டால் மட்டும் பேசு என்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஓட்டிப் பார்க்க ‘கர்ணம்’ என்று மட்டும் தட்டினால் மறுபடி ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. புள்ளி, சாய்கோடு, பிறகு கர்ணம் என்று தட்டுங்கள். புள்ளி என்றால் ‘நான் நிற்கும் இந்தக் கோப்புறை’. ஷெல் கட்டளைகளைக் குறிப்பிட்ட சில கோப்புறைகளில் மட்டுமே தேடும். நீங்கள் நிற்கும் இடம் அந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் யாராவது ஒரு பொதுக் கோப்புறையில் ‘எல்எஸ்’ என்ற பெயரில் ஒரு விஷம நிரலை வைத்துவிட்டு, நீங்கள் வந்து அந்தப் பெயரைத் தட்டும்வரை காத்திருக்கலாம்.

எச்சரிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிசிசிக்குப் பின்னால் ‘-டபிள்யூஆல்’ சேருங்கள். இதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. பிழை இல்லாவிட்டாலும் சந்தேகமான இடங்களை அது சொல்லும். நிரல் ஓடத் தொடங்கியபின் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று விழும் தொல்லைகளில் பல, தொகுக்கும்போதே எச்சரிக்கையாக எட்டிப் பார்த்தவைதாம். மேத்.எச்-ஐச் சேர்க்க மறந்தால் பழைய ஜிசிசி எச்சரித்துவிட்டு மேலே போய்விடும். 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பு அதைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

அடுத்த மாதம் நீங்கள் ‘மேக்’ பயன்படுத்தத் தொடங்கி, ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்ற செய்தியைக் கண்டால் குழம்ப வேண்டாம். மேக்ஃபைலில் கட்டளை வரி தாவல் விசையால், அதாவது டேப்பால், தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி விட்டால் ஒப்புக்கொள்ளாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேக்கை 1976-இல் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதைப் பிறகு உணர்ந்தாராம். ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம் எல்லாரும் இன்றும் டேப் தட்டுகிறோம்.

செய்து பாருங்கள்

கர்ணம்.சி சரியாக ஓடியதும் அதை வேண்டுமென்றே கெடுங்கள். முதலில் ஓர் அரைப்புள்ளியை நீக்குங்கள். அதைத் திருப்பி வைத்துவிட்டு, ‘எஸ்டிடிஐஓ.எச்’ என்பதில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். அதையும் சரிசெய்துவிட்டு, ‘மெயின்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் நடுவிலுள்ள இரண்டை இடம் மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எண்டரைத் தட்டுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: இப்போது பேசப்போவது முன்செயலியா, தொகுப்பியா, இணைப்பியா?

கடைசியாக ஒன்று. நிரலை ‘-ஓ டெஸ்ட்’ என்று டெஸ்ட் என்ற பெயரில் தொகுத்து, புள்ளியும் சாய்கோடும் போடாமல் ‘டெஸ்ட்’ என்று மட்டும் தட்டுங்கள். பிழையும் வராது, விடையும் வராது. பிறகு ‘டைப் டெஸ்ட்’ என்று தட்டி, ஷெல் என்ன பதில் சொல்கிறது என்று படியுங்கள்.